பல்கனிக் கதிரையில் வந்த மாமி

அப்பா துறைமுகப் பட்டறையொன்றில் மெக்கானிக். சீனன்குடாப் பக்கம் ஏலத்தில் அவர் எடுத்துவந்த பழைய ஜீப்பில் எஞ்சின் இருந்தது, சில்லுகள் இருந்தன, பின்னால் ஆட்கள் உட்கார ஒன்றுமில்லை. வெறும் தகரம். அதை ஓட்டிக்கொண்டு அவர் ராசா மாதிரி ஊர் சுற்றியதில் அம்மாவுக்கு ஒரு முறைப்பாடும் இருக்கவில்லை, குச்சவெளியிலிருந்து அந்தச் செய்தி வரும்வரை.

அம்மாவின் அண்ணன் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். சடங்கில் தண்ணீர் வார்க்க மாமி வேண்டும். மாமியென்று அவளுக்கு இருந்தது அம்மா ஒருத்திதான். அப்பாவை விரும்பிக் கட்டியதற்காக ஒன்பது வருடமாக அம்மாவோடு கதைக்காமலிருந்த அந்த அண்ணன், என் பெரிய மாமா, வேறு வழியில்லாமல் ஆள் அனுப்பியிருந்தார். "அந்தக் கிறீஸ் கையனைக் கட்டினால் சாகுமட்டும் நடைதான்" என்று அன்று அவர் சொன்னதை அம்மா மறக்கவேயில்லை.

"போறதெண்டால் மெத்தைக் கதிரையில இருந்துதான் போவன். தகரத்தில குந்திக்கொண்டு போய் அண்ணைக்கு முன்னால இறங்க என்னால ஏலாது," என்றார் அம்மா.

நல்லகாலம், டவுனில் ஒரு படமாளிகையில் பழைய கதிரைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு சோடி பல்கனிக் கதிரைகளோடு வந்து சேர்ந்தார். சிவப்பு ரெக்ஸின், உள்ளே ஸ்பிரிங், முதுகில் பதினாலு, பதினைந்து என்று இலக்கம். இரண்டு நாளாகத் தகரத்தில் துளைபோட்டுப் பூட்டினார். எங்கள் அன்புவழிபுரத்துப் பிள்ளைகள் எல்லோரும் முறைவைத்து ஏறி, இல்லாத படத்துக்கு விசிலடித்தோம். ஆள் எழும்பினால் கதிரை தானாக மடிந்துகொள்ளும். என்னை அது இருக்கும்போதே மடித்தது.

"நீ பாரமில்லை, அதுதான். கொம்மாவுக்கு அந்தக் கவலையில்லை," என்றார் அப்பா. அம்மா அகப்பையோடு அவரைத் துரத்தினார்.

சடங்கன்று காலை அம்மா கூறைச்சேலை உடுத்து, பதினாலாம் இலக்கத்தில் அமர்ந்தார். நிலாவெளி தாண்டியதும் முகத்தை இறுக்கிக்கொண்டார். சிரிப்பதில்லை, முதலில் கதைப்பதில்லை என்று முடிவு. நான் அதுவரை கண்டிராத பெரிய மாமா தன் வீட்டுப் படலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்முன்னாலேயே ஜீப் வாசல் மதகில் ஏறிக் குதித்தது. அம்மா ஒரு சாண் மேலே போனார். கதிரையோ படம் முடிந்ததென்று நினைத்து மடிந்துகொண்டது. அம்மா தகரத்தில் விழ, சேலைத் தலைப்பு கதிரையின் மடிப்புக்குள் மாட்டிக்கொண்டது.

எழும்ப வழியில்லாமல் கிடந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அது கூடியது. பெரிய மாமாதான் முதலில் ஓடிவந்து ஏறினார்.

"எந்த மடையன் இந்தக் கதிரையைப் பூட்டினவன்?"

"நான்தான் அத்தான்," என்றார் அப்பா பணிவாக.

மாமா தலைப்பை விடுவித்து, அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிய பிறகும் விடவில்லை.

"நொந்ததே பிள்ளை?"

"ஓம் அண்ணை, நல்லா நொந்தது," என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். மாமாவின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது.

பாழாய்ப்போன கதிரை அவருடைய விரலைக் கடித்துவிட்டதென்று நினைத்தேன். அப்பாவின் வேலையை நினைக்க எனக்கு வெட்கமாயிருந்தது.

"எந்த விரல் மாமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, சுண்டுவிரலை நீட்டினார். நான் ஊதிவிட்டேன். அப்படியும் கண்ணீர் நிற்கவில்லை. இடம் பிழைத்துவிட்டதாக்கும் என்று மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக ஊதத் தொடங்கினேன்.