பட்டினி போட்ட ஈஸ்டும் பொறுமை இழந்த மேடமும்

உயிருள்ள ஒன்றை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. என்னைப் போல ஆய்வுகூடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. நான் பார்ப்பது ஈஸ்ட் செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு நொதியை. அது ஒரு பம்ப். புரோட்டான்களை ஓயாமல் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலின் பலத்தில்தான் செல்லுக்குள் சத்து போகும். கண்டியில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று என் ஆய்வை மேற்பார்க்கும் மேடம் கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பம்ப் வேலை செய்வதைக் கண்ணால் காட்டாவிட்டால், இந்தத் தலைப்பை மூடிவிட்டு என்னைத் தேயிலை நோய்ப் பக்கம் அனுப்புவதாக அவர் முடிவு. போவதில்லை என்பது என் முடிவு.

கட்டுகஸ்தோட்டைக் கடையில்

ஒத்திகைக்குப் பாண், அதாவது ரொட்டி, சுடும் ஈஸ்டே போதும். பேக்கரிச் சாமான் விற்கும் கடைக்கார நானா, பாணுக்கா பனிஸுக்கா என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை, தண்ணீரில் போட்டு அமிலம் கக்குகிறதா என்று பார்க்க என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பிடவும் ஏலாது, விக்கவும் ஏலாது. அப்ப என்னத்துக்கு தங்கச்சி இந்தப் பாடு?"

சீனி

இந்தப் பம்ப் ஒரு புரதச் சங்கிலி; அதன் வால்நுனிதான் அதற்கு பிரேக். செல் பட்டினி கிடந்தால் பிரேக் இறுகும். சீனி கிடைத்ததும் பிரேக் விட்டு, சுற்றியுள்ள தண்ணீரில் அமிலம் ஏறும். ஆகவே முதலில் பட்டினி போட்டே ஆகவேண்டும்.

வியாழன் காலை அமிலம் அளக்கும் மீட்டரை வைத்தால் (அமிலம் ஏற ஏற அதில் இலக்கம் இறங்கும்), நான் சீனி போடும் முன்பே தண்ணீர் அமிலமாக இருந்தது. போட்ட பிறகு இலக்கம் அசையவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மீட்டரையே உடைத்திருப்பேன். ஆய்வுகூட உதவியாளர் சிவா அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர்; வில்லங்கமே அதுதான். மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார்.

"ராவு முழுக்க அதுகளுக்குச் சாப்பாடில்லை எண்டு சொன்னீங்கள். பாவமாக் கிடந்தது, ரெண்டு கரண்டி சீனி போட்டனான்."

வெள்ளிக்கிழமை

மறுபடி பட்டினி போட்டு, அறையைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் மேடம் முன்னால் சீனி போட்டதும் இலக்கம் மளமளவென்று இறங்கியது. அவர் அசையவில்லை. "ஈஸ்ட் மூச்சு விட்டாலும் தண்ணி அமிலமாகும். பம்ப்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார்.

நியாயமான கேள்விதான். பக்கத்தில் இன்னொரு குப்பியும் தயாராக வைத்திருந்தேன். அதில் இருந்தது பம்ப் பழுதான ஈஸ்ட். குளிர்பெட்டியில் இடம் வேண்டும் என்று எறியச் சொல்லியிருந்தார்கள், நான் எறியவில்லை. அதற்கும் அதே சீனியைப் போட்டேன். இலக்கம் லேசாக இறங்கி அப்படியே நின்றது. "இதுவும் மூச்சு விடுது மேடம். தள்ளத்தான் முடியல," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. உயரட்டும்.

மேடம் மீட்டரைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சரி, இன்னும் ஒரு வருஷம் செய்ங்க. ஆனா இந்தக் குப்பியை எறியச் சொன்னது நான்தானே?"

இந்தத் தொழிலில் சொன்னபடி கேட்டால் நல்ல பிள்ளை என்ற பெயர் கிடைக்கும், ரிசல்ட் கிடைக்காது.