ஐந்தாவது சரம்

ஈப்போவுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். தலைக்கு மேல் விமானம் போனால் என் பெரியம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பாள்.

"அக்கா, ஒங்க ஆளு எறங்கப் போறாரு. சோத்துக்கு ஒல வைங்க!" என்று பால்வெட்டுக்காரப் பெண்கள் சீண்டுவார்கள்.

"இது சின்ன பிளேன்லா. அவரு பெருசுலதான் வருவாரு" என்பாள்.

பெரியப்பா யுத்தத்துக்குமுன் இந்தியாவுக்குப் போனவர், அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். பாராசூட் கட்டிக் குதிக்கிற பட்டாளம். ஜப்பான்காரன் போன பிறகு இரண்டு கடிதங்கள் சேர்ந்தாற்போல வந்தனவாம். ஒன்று அவர் எழுதியது: சண்டை முடிந்ததும் தோட்டத்துத் திடலிலேயே குதிக்கிறேன். மற்றது பட்டாளத்திலிருந்து: ஆளைக் காணவில்லை. பெரியம்மா முதல் கடிதத்தை மட்டும் நம்பினாள்.

அப்பா கள்ளுக்கடையில் அண்ணன் பெருமை பேசுவார். அண்ணன் குதித்த உயரம் வருஷத்துக்கு வருஷம் கூடும். அண்ணியிடம் மட்டும் அவரைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

எழுபதுகளில் ஒரு தீபாவளி. முதல் நாள் முன்னோருக்குப் படையல். எனக்கு ஒன்பது வயது. சுவரில் செத்தவர்கள் படம் நான்கு. அவற்றுக்குப் பொட்டு வைத்துப் பூ போடுவோம். சீருடையில் இருந்த பெரியப்பா படத்தைத் துடைப்பதோடு சரி. அப்பா பூப்பையை என்னிடம் கொடுத்து, "படத்துக்கெல்லாம் போட்டுடு" என்றார். நான்குக்கும் போட்டேன். ஒரு சரம் மிஞ்சியது. பெரியப்பா மட்டும் மொட்டையாக நிற்கிறாரே என்று அவருக்கும் போட்டேன். பொட்டும் வைத்தேன்.

சோற்றுப் பானையோடு வந்த பெரியம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா பளாரென்று அறைந்தார். "யாருடி ஒன்ன அதுக்குப் போடச் சொன்னா?"

"விடுங்க தம்பி. சின்னப் புள்ளலா."

பெரியம்மா படத்தின் கண்ணாடியில் இருந்த பொட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சரத்தைக் கழற்றித் தன் கொண்டையில் வைத்துக்கொண்டாள். "பின்னால கோணலா இருக்கா, பாருடி" என்றாள். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த அறைக்காக வெகுநாள் கருவினேன். இன்னும் கோபம்தான், காரணம் வேறு. நானூறு மரத்தில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் பால் வெட்டுகிற மனுஷன், நான்கு படத்துக்கு ஐந்து சரம் வாங்கி வந்திருக்கிறார். முப்பது வருஷமாக அண்ணியிடம் சொல்லத் தைரியமில்லாததை என் கையால் சொல்லிவிட்டு, என்னையே அடித்தார்.

அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? கன்னம் எரிய, "நேராத்தான் இருக்கு பெரியம்மா" என்றேன்.