காக்கை விரட்டும் ரோபோ

நீடாமங்கலத்தில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்த்துவந்த அப்பா, கடையை மூடிய பிறகு ஒரு ரோபோ செய்தார். அம்மா மொட்டைமாடியில் காயப்போடும் வடகத்தைக் காக்கைகள் தூக்கிக்கொண்டு போனதுதான் காரணம். பழைய ஃபேன் ஸ்டாண்டில் இரண்டு தகரக் கைகளைப் பொருத்தி, தன்னுடைய கட்டம் போட்ட சட்டையை மாட்டிவிட்டார். கிட்டத்தில் எது அசைந்தாலும் சென்சார் கண்டுபிடித்துவிடும், கைகள் எவர்சில்வர் தட்டை அடிக்கும். துணி உலர்த்தப் போனால் என்னையும் விரட்டும். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். காக்கைகள் எங்கள் மாடிப் பக்கமே வருவதில்லை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

போன தை மாதம் அப்பா இறந்துபோனார். காரியத்தன்று மாடியில் இலை போட்டுப் படைத்தோம். காக்கை வந்து எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். தம்பி தொண்டை வறளக் கூப்பிட்டான். எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் அசையவில்லை.

"அண்ணனுக்கு நம்ம மேல என்ன குறையோ" என்று அத்தை அழுதார்.

"குறையெல்லாம் இல்லை அத்தை. ரோபோ வயரை எப்பவோ பிடுங்கியாச்சு. ஆனா அந்தச் சட்டை நிக்குற வரைக்கும் காக்கா வராது" என்றேன். சொன்னேனே தவிர, அதைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. தம்பியும் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மாதான் எழுந்து போனாள். பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை உருவி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை வந்து இலையில் இறங்கியது.

"யாரும் அசையாதீங்க" என்றாள் அம்மா. "அவர் சாப்பிடட்டும்."