லவோனின் பன்றிகளும் அரசாங்கக் காசும்

கொட்டில் கதவை இரண்டு தட்டு தட்டி, "உள்ள வரலாமாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் லவோன் டோஸ்டல் நுழைகிறார். உள்ளே இருப்பவை பன்றிகள். சொல்லாமல் நுழைந்தால் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தட்டினால் ஓர் உறுமலோடு சரி. "நீ போனா எழுந்து நிக்கிற ஒரே கூட்டம் அதுதான்" என்பது பக்கத்துப் பண்ணை டெல்மரின் கேலி.

அறுபத்தெட்டு வயது. கணவர் போன பிறகு தனியாகத்தான் பண்ணையைப் பார்க்கிறார். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. பேச்சுக்கு நடுவே தோலைத் துப்பும் வேகத்தில் எதிராளிக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். அயோவாவின் இந்த மூலையில் அரசாங்க மானியம் வாங்காத விவசாயி அபூர்வம். லவோன் வாங்கியதில்லை, வாங்கியவர்களைச் சும்மா விட்டதுமில்லை. டெல்மர் புது வண்டி எடுத்தபோது சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நாலு சக்கரம்தானா? இழுக்கிறது வாஷிங்டன் காசா?" என்றார்.

கொரோனா வந்த வசந்தத்தில், ஆட்களுக்கு நோய் பரவி இறைச்சி ஆலைகள் மூடின. அனுப்ப வேண்டிய பன்றிகள் கொட்டிலிலேயே கொழுத்தன, குட்டிகளுக்கு இடமில்லை. சிலர் மந்தையையே சுட்டுப் புதைத்தார்கள். லவோனால் முடியவில்லை. 'பன்றி. விலையை நீங்களே சொல்லுங்கள்' என்று ஒரு பலகையில் எழுதிச் சாலையில் நட்டார். சிலர் காசு கொடுத்தார்கள். ஒருவர் டிராக்டரைப் பழுது பார்த்துக் கொடுத்தார். வேலை போனவர்களிடம், "முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசிக்கலாம்" என்று சும்மாவே ஒரு பன்றியை ஏற்றிவிட்டார். அப்படியும் கொட்டில் பாதி நிறைந்தே இருந்தது. பழைய பாக்கி தீராமல் தீவனம் வராது என்றாகிவிட்டது. அடுத்து தாய்ப்பன்றிகளை விற்க வேண்டும். விற்றால் பண்ணை அத்தோடு முடிந்தது.

அப்போதுதான் விவசாயிகளுக்கு அரசாங்க நிவாரணம் என்று மாவட்ட விவசாய அலுவலகத்துப் பெண் ட்ரீவா போனில் கூப்பிட்டாள். லவோன் போனை வைத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் டெல்மர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"கையெழுத்துப் போட்டா கை அழுகிடாது லவோன். என் கையப் பாரு."

"அது எப்பவுமே அப்படித்தானே இருக்கு."

"சரி, பேசு. உன் பன்னிங்க என்ன, உன் வீம்பத் தின்னு வயித்த நிரப்புமா?"

லவோன் வாய்விட்டுச் சிரித்தார். டெல்மர் போன பிறகு தீவனத் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். ஓசை அடிவரை போய்த் திரும்பியது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நோய்க்குப் பயந்து அலுவலகத்துக்குள் யாரையும் விடுவதில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் கட்டடத்தின் பின்பக்கமாக ஒதுங்கி நிறுத்துவார்கள். லவோன் நடுத்தெருவில், காபிக்கடைக்கு நேர் எதிரே நிறுத்தி, ஒரு நீண்ட ஹாரன் அடித்தார்.

முகக்கவசத்தோடு ட்ரீவா ஓடிவந்தாள். கேள்விகள் ஒழுங்காகத்தான் போயின, இலவசமாகப் போன பன்றிகளின் பேச்சு வரும்வரை.

"அதை எழுதாதடி. சும்மா குடுத்ததுக்குக் காசு வாங்கினா, அப்புறம் அது என்ன சும்மா குடுத்தது?"

"அரசாங்கம் கேக்கிற தேதியில அதெல்லாம் உங்க கொட்டில்லதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு..."

"அப்ப கணக்குல உண்டு. சட்டத்தோட சண்டை போடாம கையெழுத்தப் போடுங்க."

பணம் வந்ததும், பாக்கி அடைந்து தீவன லாரி மறுபடி வாசலில் நின்றதும், தாய்ப்பன்றிகள் பிழைத்ததும் சில வாரம் கழித்து நடந்தவை. ஊர் இன்றும் சொல்லிச் சிரிப்பது அன்று மதியத்தைத்தான். காபிக்கடைக் கண்ணாடியில் டெல்மர் முதல் அவரிடம் கேலி வாங்கிய அத்தனை முகங்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. லவோன் கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். வண்டியைவிட்டு இறங்கி நடுத்தெருவுக்கு வந்தார். நாடகம் முடிந்த நடிகையைப்போல் இரு கைகளையும் விரித்து, அந்தக் கண்ணாடியைப் பார்த்து இடுப்புவரை குனிந்தார்.