அண்ணையின் மூக்கில் குடியிருந்தவர்

அண்ணையின் மூக்கிலிருந்து நாலைந்து நாளாக இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. சூடு என்று சொல்லி அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துப் பார்த்தா. நிற்கவில்லை.

இன்று காலை மாட்டுவண்டிலில் கிளிநொச்சி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி மூக்குக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். "வாய்க்காலிலை குப்புறப் படுத்துத் தண்ணி குடிச்சனீரோ?"

"ஓம் ஐயா."

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வளர்ந்து குடியேற்றக் கொலனிக்கு வந்த எங்களுக்கு, இந்த ஊர்த் தண்ணீரில் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருப்பது எப்படித் தெரியும்?

"உள்ளுக்கை அட்டை இருக்கு. தொண்டைக்கு இறங்கினா மூச்சடைக்கும். பின்னேரம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கப்படாது. மூக்குக் காயட்டும். தாகத்திலை அதுவே வெளியிலை வரும்."

பின்னேரம் மூக்குக்குக் கீழே தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கும் வேலை எனக்கு.

"நீ சிரிச்சாலோ அவன் தும்மினாலோ அது உள்ளுக்கை ஓடிடும்" என்றார் அப்போதிக்கரி.

சிரிக்கிற நிலையிலா நான்? இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தேன்.

கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. உடனே உள்ளே போய்விட்டது. மறுபடி நீண்டு தண்ணீரைத் தொட்டதும், அப்போதிக்கரி சாவணம் என்ற சின்ன இடுக்கியால் கவ்வி மெல்ல மெல்ல இழுத்தெடுத்தார்.

அடுத்த நொடி அண்ணை என் கையிலிருந்த கோப்பையைப் பறித்து, மடமடவென்று குடித்து முடித்தார்.

"அண்ணை, அது வாய்க்கால் தண்ணி" என்றேன்.

அப்போது மூக்கைப் பொத்தியவர் வீடு வந்தும் கையை எடுக்கவில்லை. உண்மையில் அது டிஸ்பென்சரிக் கிணற்றுத் தண்ணீர்தான். அதை எப்போது சொல்லலாம் என்று நீங்களே சொல்லுங்கோ.