இன்னாரின் அன்புச் சகோதரி

“கல்வெட்டு எழுதிறது வயதுபோன வாத்தியார்மாற்ற வேலை, பிள்ளை. உமக்கு முதல் தமிழ் வாசிக்க வருமே?” என்று அச்சகக்கார அண்ணை கேட்டார். நான் எழுதிய நாலு பக்கத்தை அவருடைய மேசையில் வைத்தேன். முதற் பக்கத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் பக்கத்தையும் வாசித்தார். “ஆரிட்டப் படிச்சனீர்?” என்றார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்றேன். பல்கலைக்கழகம் முடித்ததையும் அவர் கேட்காமலே சொன்னேன். எங்கள் குடும்பத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட இரண்டு தரிப்புக்குள் அது தெரிந்துவிடும்.

அந்தக் கல்வெட்டின் அச்சுப்படி இன்றைக்கு மின்னஞ்சலில் வந்தது. பிழை பார்க்கத் திறந்தவள் முதற் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்துபோனால், முப்பத்தோராம் நாள் சமைத்துப் படைத்து, அவருடைய வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாக அடித்து வந்தவர்களின் கையில் கொடுப்போம். அதைத்தான் கல்வெட்டு என்போம். இந்தக் கல்வெட்டு ஓமாவுக்கு. ஓமா என்றால் ஜேர்மன் மொழியில் பாட்டி. அவருடைய பேரன் அப்படிக் கூப்பிட, நாங்களும் கூப்பிட்டோம். ஸ்காபரோவில் அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில் பதினொரு வருடம் இருந்தோம். அம்மா ஒரே பிடியாக நின்றார்: “வந்திறங்கின எங்களுக்குக் கதவு திறந்த மனுசி. முப்பத்தொண்டு செய்யாமல் விடேலாது.” ஓமாவின் மகள் மோனிக்காவுக்கு விளக்கினேன். செய்யுங்கள், ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றார்.

மோனிக்கா தொலைபேசியில் தகவல் தந்தார். ஓமா பத்தொன்பது வயதில் தனியாகக் கப்பலில் வந்தது, ரொறன்ரோவில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரியாக நின்றது, பிறகு திரைச்சீலை தைக்கும் தொழிற்சாலை, கல்யாணம், ஒரே மகள். பேரனுக்கு நினைவிருந்தது சீட்டாட்டத்தில் ஓமா செய்த கள்ளம்தான். பிடிபட்டால் அந்த நிமிடமே அவருக்கு ஆங்கிலம் மறந்துவிடுமாம்.

கல்வெட்டுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் அன்புச் சகோதரியும் என்று வரிசையாகப் போகும். சகோதரியில் வந்து நின்றபோது, தன் அம்மா ஒற்றைப் பிள்ளை, அந்த வரியை எடுத்துவிடு என்றார் மோனிக்கா. சரி என்றேன். அச்சகத்தில் எடுக்க மறந்துபோனார்கள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் புள்ளிகள், அதற்குப் பின்னால் ‘அன்புச் சகோதரியும்’. எனக்கு அந்தப் புள்ளிகளில் போடவேண்டிய பெயர் தெரியும்.

இதைச் சொல்ல அந்த வீட்டின் படிக்கட்டிலிருந்துதான் தொடங்கவேண்டும். மேலிருந்து கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, வினாகிரியில் அவிக்கும் மணம் கீழே வரும். கீழிருந்து எங்கள் கருவாட்டுக் குழம்பின் மணம் மேலே போகும். யாருக்கு அதிக நட்டம் என்று இன்றைக்கும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. முதன்முதல் அம்மா கருவாடு வைத்த அன்று மேற்கதவு தட்டுப்பட்டது. “முடிஞ்சுது. வீட்டை விட்டு எழும்பச் சொல்லப்போறா” என்று அம்மா என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டார். கதவைத் திறந்தால் ஓமா கையில் ஒரு வெறுங்கோப்பையோடு நிற்கிறார். மிச்சம் இருக்கிறதா என்று உன் அம்மாவிடம் கேள் என்றார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்கு ஓமாவின் குசினியில் தேநீர். நாலு என்றால் நாலுதான். “உவ மணிக்கூட்டைப் பாத்துத்தான் சிரிக்கிறவ” என்பார் அம்மா. ஒருவரின் மொழி மற்றவருக்குத் தெரியாது. நடுவில் பத்து வயதில் நான். வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பதும் வைத்தியரோடு பேசுவதும் நான்தான் என்பதால் எனக்கு ஏற்கெனவே தலை கொஞ்சம் கனம். மொழிபெயர்ப்பில் என் சொந்தச் சரக்கும் கலக்கும். அம்மாவின் தேநீரில் கரண்டி நிமிர்ந்து நிற்கும்போலிருக்கிறது, அவ்வளவு சீனி என்று ஓமா சொன்னால், “நல்லாயிருக்காம்” என்பேன். ஓமாவின் கோவா வாயில் வைக்கேலாது என்று அம்மா சொன்னால், எப்படிச் சமைப்பது என்று கேட்கிறார் என்பேன். அதனால் அம்மா அந்தச் சமையலை மூன்று தரம் பார்க்கவேண்டி வந்தது.

ஒரு மாரிகால ஞாயிறு. யுத்தத்தின் கடைசி நாட்களில் வன்னியிலிருந்து நடந்து வந்ததை அம்மா சொன்னார். அவருடைய தம்பி சனத்துக்குள் பிரிந்துபோனதையும், இன்றுவரை ஒரு சேதியும் இல்லை என்பதையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஓமா குவளையைக் கீழே வைத்தார். தானும் நடந்தவள்தான் என்றார். தங்களுடைய யுத்தம் முடிகிற மாரியில், ஏழு வயதில், தாயோடும் ஒரு தள்ளுவண்டியோடும் பனிக்குள் மேற்கே நடந்திருக்கிறார். வண்டியில் தம்பி எரிக். நாலு வயது. காய்ச்சல் கண்டு வழியில் இறந்துபோனான். நிலம் உறைந்து கிடந்ததால் வெட்ட முடியவில்லை. போர்வையில் சுற்றி ஒரு தேவாலயச் சுவரோரம் வைத்துவிட்டு நடந்தார்கள். அந்த ஊரின் பெயரையும் சொன்னார், இரண்டு தரம்.

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். காணாமல் போன தம்பியை நினைத்துக்கொண்டிருந்த முகம்.

“அவவின்ர தம்பியும் வழியில துலைஞ்சு போனவனாம்” என்றேன்.

அம்மா எட்டி ஓமாவின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். நான் மேசையில் இருந்த கேக்கை முழுவதும் சாப்பிட்டேன்.

என் பொய் அதோடு நிற்கவில்லை. அம்மா ஒவ்வொரு வருடமும் மாமாவின் பேரில் கோயிலில் அர்ச்சனை செய்வார், எங்கிருந்தாலும் சுகமாயிருக்கவேண்டும் என்று. அந்த வருடம் எரிக்கையும் சேர்த்தார். நட்சத்திரம் கேட்டுவரச் சொல்லி என்னை மேலே அனுப்பினார். ஒரு ஜேர்மன் மூதாட்டியிடம் தம்பியின் நட்சத்திரம் கேட்ட பிள்ளை இந்த நகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். செரிப்பழம் பிடுங்குகிற காலத்தில் பிறந்தவன் என்று பதில் வந்தது. “அப்ப என்ர தம்பியின்ர நட்சத்திரத்தையே சொல்லுவம்” என்று அம்மா முடித்துவிட்டார். பதினாலு வருடம் ஐயர் இரண்டு பெயரையும் ஒரே நட்சத்திரத்தில் வாசித்தார். எரிக்கை எப்படி உச்சரித்தாரோ, அது சுவாமிக்குத்தான் விளங்கியிருக்கும். விபூதியும் வாழைப்பழமும் ஓமாவிடம் போகும். அம்மா உங்கள் தம்பிக்காகக் கும்பிட்டவர் என்பேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இன்று மத்தியானம் அம்மா லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தபோது சொன்னேன். எரிக் தொலையவில்லை, செத்துப்போனவன், ஓமா அன்றைக்கே சொன்னவர், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று.

அம்மா கத்தியை வைத்தார். “செத்த பிள்ளைக்குப் பதினாலு வருசமா ஆயுள் கேட்டிருக்கிறன்” என்றார். அரிந்ததை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: “ஏன் அப்பிடிச் சொன்னனீ?”

“உங்கட முகத்தைப் பாத்தனான்.”

“இனி என்ர முகத்தைப் பாக்காதை. சொல்லுறதைச் சொல்லு.”

சொந்த மகளுக்கே ஓமா சொல்லாததை நான் சொல்லலாமா என்று கேட்டேன். “மறைக்கிறதெண்டா எங்களுக்கும் சொல்லியிருக்கமாட்டா. பெத்த பிள்ளையிட்டச் சொல்ல வாய் வரேல்லையாக்கும். நீ சொல்லு” என்றார். இனி எரிக்குக்கு மோட்ச அர்ச்சனை என்றும் முடிவாயிற்று.

மோனிக்காவை அழைத்தேன். இந்த முறை ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மோனிக்கா பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னார். எத்தனை வயது என்று கேட்டார். போடு, அந்த வரியில் போடு என்றார். கடைசியாக, எந்த ஊர்த் தேவாலயம் என்று கேட்டார். அடுத்த கோடையில் அங்கே போய் நிற்கலாமே என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு தரம் சொன்ன பெயர். அம்மாவுக்குச் சொல்லாததால் நானும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை. சொல்லியிருந்தால் அம்மா மறந்திருக்கமாட்டார். மூன்றாம் வகுப்போடு நின்ற அவர் எதையும் எழுதி வைப்பதில்லை, எதையும் மறப்பதும் இல்லை. ஓமாவின் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டாயிற்று. குசினி மேசையைப் பேரன் எடுத்துப்போய்விட்டான். அந்த ஊரின் பெயரைக் கேட்க உலகத்தில் இனி ஒருவரும் இல்லை.

எரிக்கின் பெயரை நிரப்பி அச்சுப்படியை அனுப்பினேன். பிறகு எழுத ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மாமாவைக் கடைசியாக எந்த இடத்தில் கண்டீர்கள் என்று கேட்டேன். அம்மா ஊரின் பெயரைச் சொன்னார். எந்தப் பக்கத்து ஒழுங்கை, எத்தனையாவது பதுங்குகுழி, கூடாரத் தறப்பாளின் நிறம், அவன் என்ன சேட்டுப் போட்டிருந்தான், எல்லாம் சொன்னார். முகத்தைப் பார்க்காமல் எழுதினேன். இரண்டு பக்கம் முடிந்து மூன்றாவதில் நிற்கிறோம்.