உலக வைத்தியத்தில் மாரிக்கண்ணன் பங்கு

சாக்கிலிருந்து சிந்திய இலையைச் செருப்புக் காலால் ஓரம் தள்ளிக்கொண்டேதான் மாரிக்கண்ணன் பேச்சைத் தொடங்குவார். குனிந்து அள்ளுகிற பழக்கம் கிடையாது. இருபது வருடமாக நித்தியகல்யாணி இலை வாங்கி, காயவைத்து, லாரி ஏற்றுகிறவர். சங்கரன்கோவிலில் இலை மூட்டை அடுக்கக் கிட்டங்கி, பனவடலிசத்திரத்துப் பக்கம் நாலு ஏக்கர் கரிசலில் சொந்தமாகவும் அதே செடி. மழை தப்பினாலும் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது, வேலி வேண்டாம். சோம்பேறிக்கு இதைவிட நல்ல வெள்ளாமை உண்டா என்ன!

இந்த இலை கப்பலேறிப் போய்ப் புற்றுநோய்க்கு மருந்தாகிறது என்று கம்பெனிக்காரர் ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், வியாபாரி அன்றைக்கே பாதி வைத்தியர் ஆகிவிட்டார். "உலகத்துல எவனுக்குக் கேன்சர் குணமானாலும் அதுல நமக்கும் ஒரு பங்கு உண்டும்வே" என்பார் டீக்கடையில். கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு கைப்பிடி இலை. கூடவே வெறும் வயிறு, மோர், பத்தியம் என்று அரை மணி நேரப் பிரசங்கம். வாங்கிப் போனவர் ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை என்று அவருக்குப் பெருமை. ஏன் வரவில்லை என்று யோசித்ததில்லை.

போன தை மாதம் அவர் மனைவி கோமதித்தாய்க்குக் கழுத்தில் கட்டி வந்தது. திருநெல்வேலியில் சதை எடுத்துச் சோதித்துவிட்டு, நெறிக்கட்டியில் புற்றுநோய், உடனே வந்து சேருங்கள் என்றார்கள். நம்மாள் கேட்பாரா? வீட்டுக்குக் கூட்டிவந்து, தானே அம்மியில் இலை அரைத்து, ஒரு டம்ளர் பச்சைச் சாற்றை நீட்டினார். பயம்தான், வேறென்ன.

கோமதித்தாய் வாங்கவில்லை. "நம்ம ஆடே மோந்து பாக்காததை எனக்குக் குடுக்கியளே. நீங்க ரெண்டு மடக்கு குடிங்க, பொறவு நான் குடிக்கேன்" என்றார்.

மாரிக்கண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். சட்டென்று கிட்டங்கியில் லாரி நிற்கிற ஞாபகம் வந்துவிட்டது. அன்று லாரியே கிடையாது. மறுநாள் விடிந்ததும் இருவரும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார்கள்.

அங்கே டாக்டர் ஜெனிபாவிடம் தன் தொழிலைப் பெருமையாகச் சொல்லி, அந்தச் சாற்றைப் பற்றியும் மெல்லக் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. ஏற்றப்போகிற மருந்துகளில் ஒன்று அந்தச் செடியிலிருந்து வருவதுதான் என்றார். "ஆனா லாரி லாரியா இலையை அரைச்சுப் பிரிச்சாத்தான் துளி மருந்து கிடைக்கும் அண்ணாச்சி. வீட்டுல அரைச்சா விஷமும் சேந்துல்லா உள்ள போவும். யாருக்கும் குடுத்திருக்கீங்களா?"

மாரிக்கண்ணன் காதில் விழாதவர்போல் மின்விசிறியைப் பார்த்தார். எத்தனை பேருக்கு அள்ளிக் கொடுத்தாரோ பாவி மனிதர்!

இப்போது இலை கேட்டு வருகிறவர்களுக்கு டாக்டர் பெயரும் பஸ் நேரமும் சொல்லி அனுப்புகிறார். பிரசங்கம் மட்டும் குறையவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், பக்கத்துக் கட்டில்காரரிடம், "நம்ம காட்டு இலைதாம்வே இது" என்று ஆரம்பித்துவிடுவார்.

மருந்து ஏறத் தொடங்கியதும் அந்த வாய் மூடிவிடும். குழாயின் இணைப்பில் ஒரு சொட்டு சிந்திவிடுமோ என்று, அதன் கீழே உள்ளங்கையைக் குவித்து, குனிந்தபடியே உட்கார்ந்திருப்பார். கையை எடுங்கள் என்று நர்ஸ் அதட்டுவார். எடுப்பார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் கை மறுபடி அங்கேயே போய்விடும்.